பாட்டு நிற்கவில்லை, எஞ்சின் நின்றது

டமார்!

பாதி இறக்கியிருந்த ஷட்டரில் விழுந்த அடியில் லட்சுமிகாந்தத்தின் கையிலிருந்த டீ கிளாஸ் துள்ளி, பாதி டீ வேட்டியில் கொட்டியது.

"எவம்லே அது, காலங்காத்தால!" என்று கத்திக்கொண்டே அவர் குனிந்து வெளியே பாய்ந்தார்.

வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கும். இடது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. வலது கையால்தான் ஷட்டரை அறைந்திருக்கிறாள். மறுபடி அறைவதற்கு ஓங்கிய கை அப்படியே நின்றது.

"வண்டிக்கு கம்ப்யூட்டர் பொட்டி பாக்குற அக்கா இருக்காகளா? இல்ல, அவுகளும் மொதலாளி பக்கம்தானா? அதை மொதல்ல சொல்லுங்க. வந்த வழியே போயிருதேன்."

"எந்தப் பக்கமும் இல்ல. உள்ள வாங்க" என்றது பட்டறைக்குள்ளிருந்து ஒரு நிதானமான குரல்.

அழகுமீனாவின் பட்டறை திருத்தங்கல் மெயின் ரோட்டில் இருக்கிறது. இந்தக் காலத்து வண்டிகளில் எஞ்சினுக்கு எப்போது, எவ்வளவு டீசல் போகவேண்டும் என்று உத்தரவு போடுவது ஒரு மின்னணுப் பெட்டி. ஈசியூ என்பார்கள். அது கெட்டால் விருதுநகர் மாவட்டத்தில் பாதிப்பேர் அழகுமீனாவிடம்தான் வருவார்கள். நாற்பது வயதுக்காரி. எதற்கும் அவசரப்படமாட்டாள். பக்கத்துக் கடை லட்சுமிகாந்தம் அண்ணாச்சி உதிரிப்பாகம் விற்பவர். ஐம்பத்து நான்கு வயது. வியாபாரத்தைவிட அழகுமீனாவோடு கோளாறு கண்டுபிடிக்கப் போவதில்தான் அவருக்கு ருசி அதிகம். எந்த விவகாரமானாலும் ஐந்தே நிமிடத்தில் குற்றவாளியைப் பிடித்துவிடுவார். ஒரு தடவைகூடச் சரியான ஆளைப் பிடித்ததில்லை.

வந்தவள் உட்காரவில்லை.

"எம் பேரு மாடத்தி. முந்தா நாள் சாயந்தரம் வெம்பக்கோட்டை அணைக்கட்டுச் சரிவுல ஒரு வேன் பள்ளத்துல விழுந்துச்சே, பேப்பர்ல பாத்திருப்பீக. பட்டாசு வேலை முடிஞ்சு பதினெட்டுப் பொம்பளைக வந்தோம். ஓட்டுனது எம் புருசன் முனியசாமி. அவரைப் போலீஸ் ஸ்டேஷன்ல பிடிச்சு வச்சிருக்காக."

லட்சுமிகாந்தம் பார்த்திருந்தார். டிரைவரின் அஜாக்கிரதை என்று போட்டிருந்தது. பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி அந்த இடத்திலேயே இறந்துபோயிருந்தாள்.

"செத்துப்போன ஓவியா எங்க அக்கா மக. என் தோள்ல சாஞ்சுதான் தூங்கிக்கிட்டு வந்தா." மாடத்தியின் குரல் உடையவில்லை, இறுகியது. "எங்க அக்கா என்னை வாசப்படி ஏறவிடல. 'உம் புருசன் கொன்னுட்டான், நீ எதுக்குடி வாரே'ன்னா. தூக்கிட்டுப் போறதை நான் தெருமுக்குல நின்னு பாத்தேன். எம் புருசன் வண்டி ஓட்டத் தெரியாதவரில்ல. வண்டி கோளாறு யக்கா! எஞ்சின் தானா அணைஞ்சுச்சு. யாரும் நம்ப மாட்டேங்காக. இன்னைக்குப் பகல்ல பிரேக் இன்ஸ்பெக்டரு வந்து பாக்காராம். வண்டி நல்லாருக்குன்னு அவரு எழுதிட்டா எம் புருசன் கொலகாரன்தான். எங்க அக்கா சாகுற வரைக்கும் அப்படித்தான் நெனப்பா."

அழகுமீனா கையிலிருந்த சால்டரிங் இரும்பை அணைத்து வைத்தாள்.

"எஞ்சின் அணைஞ்சப்போ என்ன சத்தம் கேட்டுச்சு?"

"சத்தமா? சத்தம் நின்னுல்ல போச்சு. பாட்டு மட்டும் தனியாக் கேட்டுச்சு. அவரு எந்திரிச்சு நின்னு பிரேக்கை மிதிச்சாரு. கல்லு மாதிரி இருக்குன்னு கத்துனாரு. பள்ளத்துல விழுந்த பெறகும் அந்தப் பாட்டு ஓடிக்கிட்டே இருந்துச்சு யக்கா. யாரோ போயி நிறுத்துனாக."

"பாட்டு நிக்கல?"

"நிக்கல."

"சாவியைத் திருப்பி அணைச்சிருந்தா பாட்டும் சேந்து நின்னுருக்கும்" என்றாள் அழகுமீனா லட்சுமிகாந்தத்திடம். "பேட்டரி செத்திருந்தாலும் நின்னுருக்கும். கரண்டு இருக்கு, எஞ்சின் மட்டும் நிக்குதுன்னா ஈசியூவைத்தான் மொதல்ல சந்தேகப்படணும். எஞ்சின் நின்னா பிரேக்குக்கு உதவி இல்ல. யானை மிதிச்சாலும் அமுங்காது. ஏம்மா, இதுக்கு முன்னால இப்படி நின்னிருக்கா?"

"மூணு தடவ. வெயில்ல ஓடி சூடு ஏறுனா நிக்கும், ஆறுனா கிளம்பிரும். மொதலாளி ரூமுக்கே போயி இவரு சொல்லிருக்காரு. அவரு கேக்கல."

"நீங்க பாத்தீகளா?"

"அந்த ரூமுக்குள்ள எங்களை யாரு விடுவா?"

"மொதலாளிதான்!" என்று லட்சுமிகாந்தம் தொடையில் தட்டினார். "இல்லைன்னா அவன் மெக்கானிக்கு."

"வண்டியை எடுங்க அண்ணாச்சி" என்றாள் அழகுமீனா.

*

ஏழாயிரம்பண்ணையைத் தாண்டி, கரிசல் காட்டு நடுவில் இருந்தது ஸ்ரீராம்குமாரின் பட்டாசு ஆலை. இன்றைக்கு வேலை இல்லை. வெளிக்கேட்டை ஒட்டிய பார்க்கிங் கொட்டகையில்தான் கிரேன் அந்த வேனை இறக்கி வைத்திருந்தது. முன்பக்கம் இடதுமூலை நசுங்கி, கண்ணாடி சிதறிக் கிடந்தது. இருக்கைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா இன்னும் உருண்டு கிடந்தது. மாடத்தி அந்தப் பக்கமே திரும்பவில்லை.

பிரேக் இன்ஸ்பெக்டர் என்று ஊர்க்காரர்கள் சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர் ஏற்கெனவே வந்திருந்தார். கூட ஒரு சப்-இன்ஸ்பெக்டர். ஆலையின் ஃபோர்மேன் அன்பரசன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காதி வேட்டி, காதி சட்டை. வெடிமருந்து அறையில் இருபது வருடம் வேலை பார்த்தவர். வேனைப் பராமரிக்கும் சிவகாசி மெக்கானிக் கருப்பணன் தோளில் கருவிப் பையோடு கொஞ்சம் தள்ளி நின்றான். அழகுமீனாவைப் பார்த்ததும் அவன் முகம் கறுத்தது.

"இவன்தான்" என்று லட்சுமிகாந்தம் கிசுகிசுத்தார். "முழியே சரியில்ல."

"அண்ணாச்சி, பேசாம வாங்க."

ஆய்வாளர் நல்ல மனிதர்தான். "டிரைவர் தரப்புல ஒரு ஆள் பாக்குறதுல எனக்கு ஆட்சேபணை இல்லம்மா. ஸ்கேனர் கொண்டு வந்திருக்கீங்களா? நல்லதாப் போச்சு, ஆபீஸ் மெஷின்ல சார்ஜ் நிக்க மாட்டேங்குது" என்றார்.

அவர் சாவியைத் திருப்பினார். அரைச் சுற்றுதான். எஞ்சின் சட்டென்று பிடித்துக்கொண்டது. சத்தம் சீராக இருந்தது. மாடத்தி உதட்டைக் கடித்தாள். அழகுமீனா பெட்டியைப் படிக்கும் ஸ்கேனரைச் சொருகினாள். அடி வாங்கிய வண்டியின் பெட்டியில் கோளாறுக் குறிப்பு ஒன்றுகூட இல்லை. துடைத்து வைத்தது போல இருந்தது.

"பாத்தீங்களா?" என்றார் ஆய்வாளர்.

"பாத்தேன் சார்." அவள் இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பெட்டி தானாகவே எண்ணி வைத்திருக்கும். ஆயிரத்து அறுநூற்று இருபது மணி நேரம். டேஷ்போர்டு மீட்டர் ஒரு லட்சத்து அறுபத்து இரண்டாயிரம் கிலோமீட்டர் காட்டியது. இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மீட்டருக்குப் பக்கத்தில் சின்னக் கடிகாரம் ஒன்று. மணி 3:20. லட்சுமிகாந்தம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது ஐம்பது. விபத்தில் அடிபட்டு நின்றுபோயிருக்கும் என்று அவர் நினைக்கும்போதே கடிகாரம் 3:21 என்று மாறியது.

"உங்க வீட்டுக்காரர் இந்தக் கடிகாரத்தைச் சரியா வைக்க மாட்டாரா?" என்று அழகுமீனா மாடத்தியிடம் கேட்டாள்.

"வைக்காமலா? எட்டு மணிக்கு கேட்டைப் பூட்டிருவாக. ஒரு நிமிசம் தப்புனா எங்களுக்கு அரை நாள் வேலை போச்சு. அதைப் பாத்துத்தான் ஓட்டுவாரு."

அழகுமீனா டார்ச்சை எடுத்து இடதுபக்க முன்னிருக்கைக்கு அடியில் அடித்தாள். ஈசியூ பெட்டி ஒரு தகட்டில் நான்கு போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருந்தது. சுற்றிலும் ஒரு விரற்கடைத் தூசி. போல்ட் தலைகளின் மூலைகளில் மட்டும் மஞ்சள் நிறத்தில் ஏதோ தேய்ந்து ஒட்டியிருந்தது. லட்சுமிகாந்தம் விரலை நீட்டினார். "தொடாதீக" என்றாள்.

"கிரேன் இறக்கினதுக்குப் பெறகு இந்த வண்டியை யாராவது தொட்டீகளா?" என்று அன்பரசனிடம் கேட்டாள்.

"ஒரு ஈ எறும்பு கிட்டப் போகல. ராத்திரி பகலா வாட்ச்மேன் இருக்கான்."

வாட்ச்மேன் அறை பக்கத்திலேயே இருந்தது. தண்ணீர் குடிக்கும் சாக்கில் லட்சுமிகாந்தமும் அழகுமீனாவும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். சுவரில் ஸ்பானர், சுத்தியல், உளி என்று வரிசையாகத் தொங்கின. எல்லாமே பித்தளை. பூஜைப் பாத்திரம் மாதிரி மின்னின. இரும்புக் கருவிகளுக்கு அனுமதி இல்லை என்று மேலே சிவப்பில் எழுதியிருந்தது. இரும்பும் இரும்பும் உரசி ஒரு பொறி பறந்தால் போதும். பட்டாசு ஆலையில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது.

அந்த நேரம் ஒரு கார் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. ஸ்ரீராம்குமார் இறங்கினார். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம். கொட்டகையின் மறுகோடியிலிருந்து இன்னொரு வெள்ளை வேன் மெல்ல வெளியே வந்தது. அச்சில் வார்த்தது போல அதே மாடல். கண்ணாடியில் 2 என்று எழுதியிருந்தது.

"நேரா வீட்டுக்குப் போலே" என்றார் ஸ்ரீராம்குமார் அதன் டிரைவரிடம். "சீவில்லிபுத்தூர்ல நிச்சயதார்த்தம். வீட்டாளுக பதினாலு பேரு ரெடியா நிக்காக. எம் மக பிரீத்திகாவுக்கு முன் சீட்டு வேணுமாம், குடுத்துரு. நான் கையெழுத்து வாங்கிட்டு கார்ல பின்னாலயே வாரேன்."

மாடத்தி தரையில் காறித் துப்பினாள். "நேத்துத்தான்யா எம் புள்ளைய எரிச்சிட்டு வந்தோம்! உனக்கு நிச்சயதார்த்தமா?"

"பொம்பளையை அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போங்க" என்றார் அவர், யாரையும் பார்க்காமல்.

லட்சுமிகாந்தத்துக்கு ரத்தம் தலைக்கேறியது. ஒரு அடி முன்னால் வைத்தார். அழகுமீனா அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். காதோரம் வேகமாகச் சொன்னாள்: "அண்ணாச்சி, கோபத்தை அப்புறம் வச்சுக்கிடலாம். அந்த வேனை ரோட்டுல மறிங்க. முன் சீட்டுக்கு அடியில போல்ட்டைப் பாருங்க, மீட்டரைப் பாருங்க. சாவியையும் டிரைவர் போனையும் வாங்கிட்டு வாங்க. போனை அணைச்சிருங்க. திரும்பி வந்து வாயைத் திறக்கக் கூடாது."

இவ்வளவு வேகமாக அவள் பேசி அவர் கேட்டதே இல்லை.

தன் பழைய காரைக் குறுக்கே விட்டு, அரை கிலோமீட்டரில் ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் வேனை மறித்தார். டிரைவர் பதறிப்போனான். "மொதலாளி கொன்னுருவாரு அண்ணாச்சி!"

"உனக்குப் புள்ளகுட்டி இருக்காலே?"

"ரெண்டு."

"அப்போ சாவியைக் குடுத்துட்டு எறங்கு. அந்தா டீக்கடை. ரெண்டு வடை தின்னு, அண்ணாச்சி தாரேன்."

இருக்கைக்கு அடியில் குனிந்து பார்த்த லட்சுமிகாந்தம் அப்படியே நின்றார். இங்கேயும் நான்கு போல்ட். இங்கேயும் மூலைகளில் அதே மஞ்சள். மீட்டர் நாற்பத்தெட்டாயிரத்து அறுநூறு காட்டியது. என்ன அர்த்தம் என்று அவருக்குப் புரியவில்லை. சாவியோடு டிரைவரின் போனையும் வாங்கி, அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

*

அவர் திரும்பி வந்தபோது ஆய்வாளர் மேசையில் காகிதத்தை விரித்து எழுதிக்கொண்டிருந்தார். ஸ்ரீராம்குமார் எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

"முனியசாமி எங்கிட்ட வண்டி கோளாறுன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல சார். சொல்லிருந்தா நிறுத்திருக்க மாட்டேனா? நம்ம ஆளுக சார் அவுக. நம்ம குடும்பம் மாதிரி."

லட்சுமிகாந்தம் மீட்டர் எண்ணை அழகுமீனாவின் காதில் சொன்னார். போல்ட்டின் நிறத்தையும் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு மேசைக்கு வந்தாள்.

"கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால ஒரு சின்ன வகுத்தல் சார். இந்த வண்டி ஓடுன தூரம் ஒரு லட்சத்து அறுபத்து ரெண்டாயிரம் கிலோமீட்டர். பெட்டி சொல்ற நேரம் ஆயிரத்து அறுநூத்தி இருபது மணி. வகுத்துப் பாருங்க."

ஆய்வாளர் காகித ஓரத்தில் வகுத்தார். பேனா நின்றது. "மணிக்கு நூறு கிலோமீட்டரா?"

"சராசரி நூறு. கேட்டுல நின்னது, ஆளுக ஏறி எறங்குனது எல்லாம் சேத்து. வேகக்கட்டுப்பாடு போட்ட வண்டி சார் இது, எண்பதைத் தாண்டாது. ஏழாயிரம்பண்ணை ரோட்டுல நாப்பதுல போனாலே இடுப்பு கழண்டுரும். மீட்டர் பொய் சொல்லல, பெட்டியும் பொய் சொல்லல. ரெண்டும் வேற வேற வண்டியோடது. இந்த மாடல்ல சாவியும் பெட்டியும் ஒண்ணை ஒண்ணு சோதிக்கிற ஏற்பாடு கிடையாது. எதைக் கழட்டி எதுல மாட்டுனாலும் ஓடும். விபத்து நடந்தப்போ இருந்த பெட்டியை எடுத்துட்டு நல்ல பெட்டியை மாட்டிருக்காக. அதான் உங்களுக்கு அரைச் சுத்துல ஸ்டார்ட் ஆச்சு."

சப்-இன்ஸ்பெக்டர் எழுந்தார். "எப்போ?"

"இன்னைக்குக் காலையில ஆறரைக்கு. பேட்டரி வயரைக் கழட்டித் திரும்ப மாட்டுனா இந்தக் கடிகாரம் பன்னெண்டுல இருந்து மறுபடி ஓட ஆரம்பிக்கும். நான் பாத்தப்போ மணி ஒன்பது அம்பது. அது மூணு இருபதைக் காட்டுச்சு. மூணு மணி இருபது நிமிசத்துக்கு முன்னால யாரோ வயரை மாட்டிருக்காக."

"கருப்பணன்!" லட்சுமிகாந்தத்தால் வாயைக் கட்ட முடியவில்லை. "நான் அப்பவே சொன்னேன்! பெட்டி மாத்த மெக்கானிக்குக்குத்தானே தெரியும்?"

கருப்பணன் ஓடப் பார்க்கவில்லை. பையைத் தொப்பென்று தரையில் போட்டான். "அண்ணாச்சி, நான் ஒன்பது மணிக்குத்தான் சிவகாசியில பஸ் ஏறுனேன்!"

"அவன் இல்ல" என்றாள் அழகுமீனா. "பையைத் திறந்து பாருங்க, அம்புட்டும் இரும்பு ஸ்பானர். இந்தப் போல்ட்டுல ஒட்டிருக்கிறது பித்தளை. மிருதுவான உலோகம், இரும்பு போல்ட்டுல போட்டுத் திருகினா தேஞ்சு ஒட்டும். ஆனா கருப்பணா, உனக்குத் தெரிஞ்சதை நீ இன்னும் சொல்லல."

அவன் மாடத்தியைப் பார்த்தான். அவள் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான்.

"போன மாசம் அந்தப் பெட்டியைத் திறந்தேன்க்கா. உள்ள ஈயம் பத்தவச்ச இடம் ஒண்ணு விரிசல் விட்டிருந்துச்சு. சூடு ஏறுனா விலகும், ஆறுனா ஒட்டிக்கிடும். ஏதோ என்னால முடிஞ்ச அளவுக்குப் பத்தவச்சேன். நிக்காது, புதுசு போடுங்கன்னு அன்பரசன் அண்ணன்கிட்டச் சொன்னேன். சீசன் நேரம், வண்டியை நிறுத்த முடியாதுன்னாரு."

"இதைச் சொல்றதுக்கு உனக்கு ஒரு பொணம் விழணுமாலே?" என்று மாடத்தி கேட்டாள்.

அழகுமீனா அன்பரசன் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை. ஆனால் லட்சுமிகாந்தத்துக்கு அவளைத் தெரியும். அவள் விரல்கள் நோட்டைப் பிடித்திருந்த பிடியில் அட்டை வளைந்திருந்தது.

"இது பார்க்கிங் கொட்டகை. இங்கன மருந்து இல்ல. கார்ல கிடக்கிற இரும்பு ஸ்பானரே போதும். வேற எவனா இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பான். உங்க கை வாட்ச்மேன் ரூம்ல போயி பித்தளையை எடுத்திருக்கு. பேட்டரி வயரைக் கழட்டாம ஒரு திருகுகூடத் திருகல. இருபது வருசப் பழக்கம். ஒரு பொறி பறந்துரக் கூடாதுன்னு அம்புட்டு பயம், அம்புட்டு கவனம். அந்தக் கவனத்துல ஒரு துளி பதினெட்டுப் பொம்பளைக மேல இருந்திருந்தா ஓவியா இன்னைக்கு இருந்திருப்பாளே அன்பரசன்?"

அன்பரசன் நிமிரவில்லை. "நாந்தான் மாத்துனேன்" என்றார் தரையைப் பார்த்து. "யாரும் சொல்லல. நானா செஞ்சேன்."

"பாத்தீகளா சார்!" ஸ்ரீராம்குமார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "என் முதுகுக்குப் பின்னால என்னென்ன நடந்திருக்கு! எனக்கு ஒண்ணுமே தெரியாது. ஆனா ஒண்ணு கேக்கேன். கோளாறு முனியசாமிக்குத் தெரியும்ல? தெரிஞ்சே ஏன் ஓட்டுனான்? எடுக்க மாட்டேன்னு எங்கிட்ட வந்து சொல்லிருக்கணும்ல? சொல்லாம பதினெட்டு உசிரை ஏத்திக்கிட்டுப் போனா அது அவன் குத்தம்தானே?"

"சொன்னாருய்யா!" மாடத்தி மேசையை ஒற்றைக் கையால் அறைந்தாள். டீ கிளாஸ் உருண்டது. "உன் மூஞ்சிக்கு நேரா நின்னு சொன்னாரு!"

"யாரு பாத்தா?"

சப்-இன்ஸ்பெக்டர் மாடத்தியைப் பார்த்தார். "சாட்சி இருக்காம்மா? அவர் சொன்னது உண்மைன்னா கேஸே வேற. இல்லைன்னா தெரிஞ்சே ஓட்டுன குத்தம் அவர் மேலயும் நிக்கும்."

மூடிய அறைக்குள் இரண்டே பேர் பேசிய பேச்சு. ஒருவன் முனியசாமி, ஸ்டேஷனில் இருக்கிறான். அவன் பேச்சு எடுபடாது. இன்னொருவர் சந்தனப் பொட்டோடு எதிரே நிற்கிறார். லட்சுமிகாந்தத்துக்கு அந்தப் பொட்டை அழித்துவிடவேண்டும் போல இருந்தது.

"அது கிடக்கட்டும்" என்றாள் அழகுமீனா. "அன்பரசன், இந்த நல்ல பெட்டியை எங்கிருந்து எடுத்தீக? காலையில ஆறரைக்கு எந்தக் கடையும் திறந்திருக்காது."

அன்பரசனின் முகத்தில் முதல் தடவையாகப் பயம் தெரிந்தது. ஒரு கணம் அவர் கண்கள் கொட்டகையின் மறுகோடிக்குப் போய்த் திரும்பின.

"சொல்ல வேண்டாம். ஆயிரத்து அறுநூத்தி இருபது மணி நேரத்துக்கு நாப்பத்தெட்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் ஓடியிருந்தா மணிக்கு முப்பது. கணக்கு சரியா வருது. அது உங்க ரெண்டாம் நம்பர் வேனோட மீட்டர். இந்த மாடல்ல ஆலையில இருக்கிறது ரெண்டே வண்டி, ரெண்டே பெட்டி. நல்லது இங்கன இருக்கு. பெட்டி இல்லாம எந்த வண்டியும் ஓடாது. ஆனா அந்த வேனு நம்ம கண்ணு முன்னால ஓடித்தானே போச்சு?"

ஆய்வாளர்தான் முதலில் புரிந்துகொண்டார். பேனாவை மெல்லக் கீழே வைத்தார்.

ஸ்ரீராம்குமார் காலியாகக் கிடந்த மறுகோடியைப் பார்த்தார். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேன் கிளம்பி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. வெளியே வெயில் கொளுத்தியது.

"பழைய பெட்டியை... அதுலயாலே மாட்டுனே?" குரல் காற்றாக வந்தது.

அன்பரசன் ஆமென்று தலையை ஆட்டினார்.

ஸ்ரீராம்குமார் வேன் டிரைவரின் எண்ணை அழுத்தினார். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னது. மறுபடி அழுத்தினார். மறுபடி அதே குரல். லட்சுமிகாந்தம் தன் சட்டைப் பையிலிருந்த சாவியையும் போனையும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி மனசு இளகியது. அழகுமீனா அவரைப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"பயப்படாதீக மொதலாளி" என்று அன்பரசன் கையைப் பிசைந்தார். "காலையில ஓட்டிப் பாத்துட்டுத்தான் விட்டேன். நல்லாத்தான் ஓடுச்சு. ஒண்ணும் ஆகாது."

ஸ்ரீராம்குமார் பாய்ந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். சுற்றி நிற்பவர் யார், போலீஸ் யார் என்ற நினைப்பெல்லாம் அவருக்குப் போய்விட்டிருந்தது.

"ஒண்ணும் ஆகாதா? வேனை எடுக்க மாட்டேன்னு கையெடுத்துக் கும்பிட்ட முனியசாமிகிட்ட நானும் இதையேதானேலே சொல்லி சாவியைத் திணிச்சேன்!"